ஹார்ட்கோர் பங்க்: தமிழில் 'காழிசை'

ஹார்ட்கோர் பங்க் (பெயர்ச்சொல்): 1970களின் இறுதியில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டனிலும், கனடாவின் வான்கூவரிலும் பங்க் ராக்கிலிருந்து கிளைத்த இசை வகை. பாடல்கள் குறுகியவை, வேகமானவை. பாடகர் பாடுவதைவிடக் கத்துவதே அதிகம். இசைத்தட்டு வெளியிடுவது, நிகழ்ச்சிக்கு இடம் பிடிப்பது, சுவரொட்டி ஒட்டுவது, ஊர் ஊராக வேன் ஓட்டிப் போவது என எல்லாவற்றையும் குழுவினரே செய்துகொள்வது இதன் மரபு.

ஓர் அகராதிக்கு இவ்வளவு போதும். சிங்கப்பூரில் இந்த இசைக்கு ஏறக்குறைய 40 ஆண்டு வரலாறு உண்டு. ஆனால் அதைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே தடுக்கி விழுகிறோம். 'தீவிர பங்க்' என்று எழுதினால் வேகமும் ஆவேசமும் மட்டும் தெரிகின்றன. 'கடின பங்க்' என்றால் கேட்கக் கடினம் என்ற பொருள் வந்துவிடுகிறது. இரண்டுமே போதாதவை. இவற்றைவிடப் பொருத்தமான சொல் தமிழில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கையிருப்பில் உள்ளது. அதற்கு வருவதற்கு முன் மூலச் சொற்களைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

'பங்க்' ஆங்கிலத்தில் மானமுள்ள சொல்லாகப் பிறக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் ஷேக்ஸ்பியர் காலத்து நாடகங்களிலும் அது விலைமகளைக் குறித்த வசைச்சொல். அமெரிக்காவில் குடியேறியவர்களிடையே அதே ஒலிப்புள்ள சொல்லுக்கு வேறொரு பொருள்: உளுத்து இற்றுப்போன மரக்கட்டை. சக்கிமுக்கிக் கல்லின் பொறி எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் அதை நெருப்பு மூட்டப் பயன்படுத்தினார்கள். 20ஆம் நூற்றாண்டில் அது தெருப்பொறுக்கி, ஒன்றுக்கும் உதவாத இளைஞன் என்று பொருள் தரத் தொடங்கியது. தமிழில் நாம் 'தறுதலை' என்று திட்டும்போது வரும் அதே தொனி. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க இசை விமர்சகர்கள் கரடுமுரடான ராக் இசைக்கு அந்தப் பெயரை ஒட்டினார்கள். ரமோன்ஸ், செக்ஸ் பிஸ்டல்ஸ் போன்ற குழுக்களால் 1976, 1977 ஆண்டுகளில் அது உலகமெங்கும் பரவியது. வசையையே பட்டமாகச் சூடிக்கொண்டார்கள்.

எழுத்தில் ஒரு சிறு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 'பங்க்' என்றதும் பெட்ரோல் போடும் இடம்தான் முதலில் நினைவுக்கு வரும். உகரம் சேர்த்து எழுதினாலோ அது பாகமும் பங்கும் ஆகிவிடும். சிங்கப்பூரில் பெட்ரோல் நிலையம் என்றே சொல்வதால் இந்தக் குழப்பம் நமக்குக் குறைவு. 'பங்க்' என்பதை அப்படியே வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆள்பெயர், ஊர்ப்பெயர் போல அது ஓர் இயக்கத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

'ஹார்ட்கோர்' அப்படியல்ல. அது பொருள் பொதிந்த சொல், கட்டுமானத் துறையில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் சாலைக்கும் கட்டடத்துக்கும் அடியில் கொட்டும் உடைகல், செங்கல் துண்டு ஆகியவற்றின் பெயர் அது. சிங்கப்பூரின் கட்டுமானத் துறை பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றி வளர்ந்ததால் இங்கும் அதே பெயர்தான். மண்ணைத் தோண்டிச் சமன் செய்து, உடைகல்லைப் பரப்பி, திமிசு போட்டோ உருளை ஓட்டியோ கல்லோடு கல் கவ்விக்கொள்ளும்வரை இறுக்குவார்கள். கான்கிரீட் அதற்கு மேல்தான் வரும். தரை பளபளவென்று முடிந்தபிறகு அந்தக் கல்லை எவரும் பார்க்கப் போவதில்லை, ஆனால் பாரமெல்லாம் அதன்மேல்தான். பின்னர் இந்தச் சொல் மனிதர்களுக்கும் வந்தது: ஓர் இயக்கத்தில் எத்தனை பேர் விலகினாலும் விலகாமல் நிற்கும் உட்குழு. ஆபாசப் படங்களை வகைப்படுத்தவும் இதே சொல் பயன்பட்டதால் சிலர் இதைத் தமிழாக்கத் தயங்குகிறார்கள். இசையைப் பேசும்போது அந்தத் தயக்கம் தேவையில்லை.

இசைக்கு இந்தப் பெயரைப் பரப்பியதில் வான்கூவரின் டி.ஓ.ஏ. குழுவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1981இல் அவர்கள் தங்கள் இசைத்தொகுப்பின் தலைப்பிலேயே 'ஹார்ட்கோர்' என்று பொறித்தார்கள். ஆனால் சொல்லின் பொருள் எப்படி முற்றியது என்று பார்க்க வேண்டுமானால் பிளாக் ஃபிளாக் குழுவின் கதைக்குத்தான் போக வேண்டும்.

கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச் என்ற கடற்கரை ஊரில் 1976இல் கிரெக் கின் என்ற கிட்டார் கலைஞர் தொடங்கிய குழு இது. முதலில் 'பேனிக்' என்ற பெயரில் இயங்கி, பின்னர் 'பிளாக் ஃபிளாக்' ஆனது. அந்தப் பெயரைக் கொடுத்ததும், நான்கு கறுப்புப் பட்டைகள் ஏறி இறங்கிக் கொடி அசைவதுபோல் தோன்றும் சின்னத்தை வரைந்ததும் கின்னின் தம்பி, ஓவியர் ரேமண்ட் பெட்டிபோன். வெள்ளைக்கொடி சரணடைவதற்கு என்றால் கறுப்புக்கொடி எதற்கு என்று தமிழனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அமைச்சர் வரும் வழியில் நின்று கறுப்புக்கொடி காட்டுவது நம் அரசியலின் பழைய வழக்கம். அமெரிக்க ரசிகருக்கு விளக்கம் தேவைப்படும் பெயர் நமக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது.

இசையை வெளியிட எவரும் முன்வராததால் கின் தாமே வெளியிட்டார். 12 வயதில் அமெச்சூர் வானொலிக் கருவிகளை விற்பதற்காகத் தொடங்கிய எஸ்.எஸ்.டி. என்ற சிறு தொழிலை இசைத்தட்டு நிறுவனமாக மாற்றினார். 1979இல் வந்த முதல் தட்டில் நான்கு பாடல்கள். நான்கும் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். பாடகர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: கீத் மோரிஸ், ரான் ரெயஸ், டெஸ் கடேனா. நான்காவதாக 1981இல் வந்தவர் ஹென்றி ராலின்ஸ். வாஷிங்டனில் ஐஸ்கிரீம் கடை ஒன்றின் மேலாளராக இருந்தவர். நியூயார்க் நிகழ்ச்சி ஒன்றில் ரசிகராக மேடையேறிப் பாடியதுதான் அவரைக் குழுவில் சேர்த்தது. அந்த ஆண்டு இறுதியில் முதல் முழுநீளத் தொகுப்பு வெளிவந்தது. அதை விநியோகிக்க வேண்டிய பெரிய நிறுவனத்தின் தலைவர் 'இது பெற்றோருக்கு எதிரானது' என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டார். அதைத் தொடர்ந்த வழக்கில், சொந்தப் பெயரில் புதிய தட்டு எதையும் வெளியிட முடியாதபடி குழு முடக்கப்பட்டது.

அந்த முடக்கத்துக்குப் பிறகு வந்த தொகுப்பைத்தான் நான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். 1984இல் வெளியான 'மை வார்'. தட்டின் முதல் பக்கத்தில் பழைய வேகம் ஓரளவு இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் மூன்றே பாடல்கள், ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேல். தாளம் இழுபடுகிறது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே கிட்டாரின் அதிர்வு மட்டும் தொங்கி நிற்கிறது. அடுத்த அடி விழுமா விழாதா என்று உடம்பு காத்திருக்கும் நேரத்தில் ராலின்ஸின் குரல் தரையில் தேய்ந்துகொண்டு போகிறது. ஒன்றரை நிமிடப் பாடலுக்கு முட்டி மோதி ஆட வந்த ரசிகர்கள் பலர் கொதித்துப்போனார்கள். ஏமாற்றிவிட்டதாகவே நினைத்தார்கள். அதே ஆண்டு வந்த இன்னொரு தொகுப்பில் ஒரு பக்கம் ராலின்ஸின் பேச்சு, மறுபக்கம் பெரும்பாலும் பாட்டில்லாத வாத்திய இசை. 1983இல் பேஸ் கிட்டார் வாசிக்க வந்த கிரா ரோஸ்லரின் காலத்தில் தாளம் இன்னும் முறுக்கிக்கொண்டது, ஜாஸ் இசையின் சாயல் ஏறியது. 1986இல் குழு கலைந்தது. மெல்வின்ஸ், நிர்வாணா போன்ற பிற்காலக் குழுக்கள் அந்த மெதுவான இரண்டாம் பக்கத்திலிருந்து நிறைய எடுத்துக்கொண்டன.

வேகம்தான் ஹார்ட்கோர் என்றால் 1984இல் பிளாக் ஃபிளாக் ஹார்ட்கோரை விட்டு வெளியேறிவிட்டது என்று சொல்ல வேண்டும். எவரும் அப்படிச் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. வேகத்தைக் கழித்த பிறகும் ஒன்று மிஞ்சியது: எவருக்கும் வளைந்துகொடுக்காத பிடிவாதம், தங்கள் ரசிகர்களுக்கும்கூட. 'தீவிர' என்ற அடைமொழி இந்த இடத்தில்தான் கைவிடுகிறது. மிஞ்சியதைச் சொல்ல வேறு சொல் வேண்டும்.

அந்தச் சொல் 'காழ்'. மரத்தின் நடுவில் முற்றி இறுகிய பகுதி. தச்சர்கள் 'வைரம் பாய்ந்த கட்டை' என்று சொல்வார்களே, அந்த வைரத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர். தொல்காப்பியத்தின் மரபியல் தாவரங்களையே இதை வைத்துத்தான் பிரிக்கிறது: 'புறக்காழ் அனவே புல்லென மொழிப, அகக்காழ் அனவே மரமென மொழிப.' பனை, தென்னை, மூங்கில் போன்றவற்றுக்கு உறுதி வெளிப்புறத்தில் இருக்கிறது, ஆகவே அவை புல். உள்ளே உறுதி உள்ளதே மரம்.

இந்தப் பிரிவினையைப் பங்க் வரலாற்றின்மேல் வைத்துப் பார்த்தால் வியப்பாகப் பொருந்துகிறது. 1977ஆம் ஆண்டு லண்டன் பங்க் என்றால் தோல் சட்டை, ஊசி, சங்கிலி, சிலிர்த்து நிற்கும் வண்ணத் தலைமுடி. எல்லாம் புறக்காழ். அமெரிக்க ஹார்ட்கோர் இளைஞர்கள் பெரும்பாலும் அந்த அலங்காரத்தை உதறிவிட்டு ஒட்ட வெட்டிய முடி, சாதாரண டி-சட்டை, ஜீன்ஸ் என்று வந்தார்கள். தோற்றத்தில் இல்லாததை இசையிலும் வாழ்முறையிலும் வைத்தார்கள். வாஷிங்டனின் மைனர் த்ரெட் குழு 46 நொடிப் பாடல் ஒன்றில் மதுவும் போதையும் வேண்டாம் என்று அறிவித்து, அதிலிருந்து ஒரு வாழ்க்கைமுறையே கிளம்பியது. அகக்காழ் என்றால் இதுதான்.

இன்னொரு நயம்: காழ் பிறந்தவுடன் வருவதல்ல. வயது ஏற ஏறத்தான் மரத்தின் நடுவில் காழ் ஏறும். குறள் 879 'இளைதாக முள்மரம் கொல்க' என்கிறது. முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், 'காழ்த்த இடத்து' அது வெட்டுபவரின் கையையே கொல்லும். வள்ளுவர் பகைவரைப் பற்றிச் சொன்னார். எனக்கோ வழக்கிலும் முடக்கத்திலும் முற்றிப்போய் 1984இல் மெதுவாகத் திரும்பிவந்த பிளாக் ஃபிளாக்தான் நினைவுக்கு வருகிறது. காழ்த்தலுக்கு உறைத்தல், காரமாதல் என்றும் பொருள் உண்டு. மனத்தில் ஊறிய வெறுப்பைக் 'காழ்ப்பு' என்கிறோம். இந்த இசையில் அதுவும் இல்லாமல் இல்லை. ஒரே வேரில் இத்தனையும் கிடைக்கும்போது வடமொழி அடைமொழிக்கு ஏன் போக வேண்டும்? 'வைர இசை' என்றும் வைக்கலாம்தான், ஆனால் இன்றைய வாசகருக்கு அது சிராங்கூன் சாலை நகைக்கடையைத்தான் நினைவூட்டும்.

ஆகவே என் பரிந்துரை: காழ் + இசை = காழிசை. குழுவைக் காழிசைக் குழு என்றும் கலைஞரைக் காழிசைஞர் என்றும் எழுதலாம். 'காழ்ப் பங்க்' என்றும் அமைக்கலாம், ஆனால் வேகமாக வாசிப்பவர் கண்ணுக்கு அது 'காழ்ப்பு' என்றே படும். ஒரு கட்டுரையில் முதன்முறை வரும்போது 'ஹார்ட்கோர் பங்க் எனப்படும் காழிசை' என்று எழுதிவிட்டு, பிறகு காழிசை என்றே தொடரலாம்.

சிங்கப்பூர்க் குழுக்களை வைத்து இதைப் பயன்படுத்திப் பார்ப்போம். 'ஆப்போசிஷன் பார்ட்டி' 1986இல் தோன்றிய காழிசைக் குழு. 1984 தேர்தலில் 79 இடங்களில் எதிர்க்கட்சியினர் வென்றவை இரண்டே என்பதை நினைத்தால், 'எதிர்க்கட்சி' என்று பெயர் சூட்டிக்கொண்ட இளைஞர்களின் துணிச்சல் புரியும். அவர்களும் ஒரே ஒலியில் நிற்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவர்கள் இசையில் மெட்டல் எனப்படும் கனத்த ராக் இசையின் சாயல் ஏறியது. நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1990இல் ஆர்மீனியன் ஸ்திரீட்டில், பழைய துணை மின்நிலையக் கட்டடத்தில் நிறுவிய சப்ஸ்டேஷன் கலை மையம், இத்தகைய குழுக்களுக்கு மேடை கொடுத்தது. 1990களின் முற்பகுதியில் ரசிகர்கள் ஒருவரை ஒருவர் முட்டி ஆடும் ஆட்டத்துக்கு இங்கே தடை வந்தது. அப்போதும் குழுக்கள் கலைந்துவிடவில்லை, வாசித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்தக் கட்டடத்தை விட்டு சப்ஸ்டேஷன் 2021இல் வெளியேறியது. அங்கு வளர்ந்த தலைமுறைக்கு அது பெரிய இழப்பு.

தமிழ் வாசகர்கள் பலருக்குத் தெரிந்த ருத்ரா, 1992இல் தொடங்கிய சிங்கப்பூர்க் குழு, காழிசை வகையில் சேராது. வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருத வரிகளையும் கொண்ட மெட்டல் இசை அது. சத்தம் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் ஒரே பெயரில் அடைப்பது கர்நாடக இசையையும் இந்துஸ்தானியையும் ஒன்றென்று எழுதுவதற்குச் சமம். 2007இல் தோன்றி, 2017இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் வாசித்த முதல் சிங்கப்பூர்க் குழுவான வோர்ம்ராட், காழிசையும் மெட்டலும் கலந்து பிறந்த கிரைண்ட்கோர் வகையைச் சேர்ந்தது. கிரைண்ட்கோர் என்பதை இப்போதைக்குக் கடன்சொல்லாகவே வைத்துக்கொள்ளலாம். 'கிரைண்ட்' என்பதை 'அரை' என்று பெயர்த்தால் பாதி என்ற பொருள் குறுக்கே வருகிறது. ஹார்ட்கோரிலிருந்து பின்னர் கிளைத்த போஸ்ட்-ஹார்ட்கோர் என்பதைத் தயங்காமல் 'பின்காழிசை' என்று எழுதலாம்: மைனர் த்ரெட் கலைந்தபின் அதன் பாடகர் இயன் மெக்கே 1987இல் தொடங்கிய ஃபுகாஸி ஒரு பின்காழிசைக் குழு.