ஆக்சஸ் ஈக்விட்டி: தமிழில் எப்படிச் சொல்வது?

ஈக்விட்டி என்றதும் பலருக்குப் பங்குச்சந்தைதான் நினைவுக்கு வரும். நகரத்து முதியோருக்கான சேவைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் 'ஆக்சஸ் ஈக்விட்டி' என்று சொல்வது வேறு. நூலகம், மருத்துவ நிலையம், பகல்நேரப் பராமரிப்பு மையம், பூங்கா போன்றவை ஒவ்வொரு முதியவருக்கும் அவரவர் உடல்நிலைக்கும் தேவைக்கும் தக்கபடி எட்ட வேண்டும் என்பதே அதன் பொருள்.

லத்தீனில் 'ஈக்வஸ்' என்றால் மேடுபள்ளம் இல்லாத, சமமான என்று பொருள். அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. இங்கிலாந்தில் வழக்கமான நீதிமன்றங்களின் கறாரான விதிகளால் நியாயம் கிடைக்காதவர்கள் சான்சரி நீதிமன்றத்துக்குப் போனார்கள். அங்கே கிடைத்த நியாயத்துக்குப் பெயர் ஈக்விட்டி. அடமானச் சொத்தை மீட்கும் உரிமையைக் காத்ததும் அந்த நீதிமன்றம்தான். கடன் போக மிஞ்சும் சொந்தப் பங்கு என்ற பொருளும், அப்புறம் பங்குச்சந்தைப் பொருளும் அங்கிருந்தே கிளைத்தன. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே அரிஸ்டாட்டில், விதியைத் தாண்டிய நியாயம் என்ற கருத்துக்கு லெஸ்போஸ் தீவுக் கட்டடக் கலைஞர்களின் ஈய அளவுகோலை உவமை சொல்லியிருக்கிறார். கல்லின் வடிவுக்கு ஏற்ப அந்தக் கோலே வளைந்துகொடுக்கும்.

சரி, 'சமத்துவம்' என்று எழுதினால் போதாதா? போதாது. சாலையைக் கடக்கும் சிக்னலைப் பாருங்கள். நடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் போவார் என்ற கணக்கில் பல நாடுகளில் நேரம் வைக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே நேரம், அது சமத்துவம். கைத்தடி ஊன்றி நடக்கும் மூதாட்டி பாதிச் சாலையில் இருக்கும்போதே விளக்கு மாறிவிடும். எதிர்ப்பக்கத்து மருத்துவ நிலையம் வரைபடத்தில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவருக்கோ அது இல்லாத மாதிரிதான். செல்பேசிச் செயலியில் மட்டுமே முன்பதிவு என்கிற சேவையும் அப்படியே. உலகச் சுகாதார நிறுவனம் 33 நகரங்களின் முதியோரிடம் கேட்டு 2007-இல் வெளியிட்ட வழிகாட்டி, மருத்துவச் சேவையோடு போக்குவரத்தையும் தகவல் தொடர்பையும் எட்டுத் துறைகளுக்குள் சேர்த்தது மிகச் சரியான முடிவு.

'சமவாய்ப்பு' ஓரளவு நெருங்கி வருகிறது. ஆனால் அது கதவைத் திறந்துவைப்பதோடு நின்றுவிடும். படியேற முடியாதவருக்கு என்ன வழி?

என் தேர்வு 'ஒப்புரவு'. திருக்குறளில் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அறநூல்களில் எழுதிவைக்கப்படாததைத் தாமே அறிந்து செய்வது என்று பரிமேலழகர் விளக்குகிறார். விதிக்கு அப்பால் போய் நியாயம் தேடிய ஈக்விட்டிக்கு இதைவிட நெருங்கிய உறவு எனக்குத் தெரியவில்லை. பொது நீர்நிலையான ஊருணியை வள்ளுவர் உவமையாக்கியதும் இந்த அதிகாரத்தில்தான். கிறித்தவ வழக்கில் ஒப்புரவு என்பது மீண்டும் உறவாவதைக் குறிக்கும்; இடம் பார்த்துப் படித்தால் குழப்பம் வராது.

ஆக்சஸுக்கு 'அணுகல்' ஏற்கெனவே நிலைத்துவிட்டது. அண்மை, அண்டை ஆகியவற்றின் உறவுச் சொல். இரண்டையும் சேர்த்தால் 'அணுகல் ஒப்புரவு'. "இந்த வட்டாரத்தில் முதியோர் மையம் இருக்கிறது, தாழ்தளப் பேருந்து இல்லாததால் அணுகல் ஒப்புரவு இல்லை" என்று தாராளமாக எழுதலாம்.