கோடையில் அடங்கும், குளிரில் அலைபாயும் துருவ வெப்பநிலை

அண்டார்க்டிக் பகுதியில் காற்றின் வெப்பநிலையை மிக நீண்ட காலமாக அளந்துவரும் இடம் ஓர்காடாஸ் வானிலை நிலையம். 1903-இல் ஸ்காட்லாந்து ஆய்வுக்குழு தொடங்கியது. அடுத்த ஆண்டே அர்ஜென்டினாவிடம் போய்ச் சேர்ந்தது. ஆனால் அது இருப்பது கண்டத்துக்கு வெளியே, லாரி என்ற தீவில். உள்பகுதியில் தென்துருவம், வோஸ்டாக் நிலையங்களின் பதிவுகள் 1957-58-ஐ ஒட்டித்தான் ஆரம்பிக்கின்றன.

அதுவே சுமார் எழுபது ஆண்டுத் தரவு ஆயிற்றே, போதாதா? துருவத்தில் அது சற்றுக் குறைவுதான். காரணம், குளிர்காலம். ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்ட் தீவுகளில் ஜூலை மாதச் சராசரி ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது. பிப்ரவரிச் சராசரியோ ஓர் ஆண்டுக்கும் இன்னோர் ஆண்டுக்கும் பத்து டிகிரிக்கு மேல்கூட வேறுபடும்.

கோடையில் வரும் வெப்பத்தில் பெரும்பகுதி பனியை உருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. உருகும் பனி 0 டிகிரியைத் தாண்டாது, அதனால் மேலிருக்கும் காற்றும் அதிகம் ஏறாது. குளிர்காலத்தில் இந்தக் கடிவாளம் இல்லை. சூரியன் கிடையாது, தரை தன் வெப்பத்தை விண்வெளிக்கு இழந்துகொண்டே இருக்கும். கனமான குளிர்காற்று தரையோடு மெல்லிய அடுக்காகப் படிய, அதற்கு மேலே வெப்பமான காற்று நிற்கும். பலமான காற்றடித்து இரண்டும் கலந்தால் போதும், சில மணி நேரத்தில் வெப்பநிலை எகிறிவிடும். கடலின் பங்கு இன்னும் பெரியது. திறந்த கடல்நீர் சுமார் −1.8 டிகிரியில் உறைந்துவிடும் என்பதால் அதன் மேற்பரப்பு அதற்குக் கீழே போவதில்லை. அதைக் கடற்பனி மூடிவிட்டால் மேலே உள்ள காற்று −30 வரைகூட இறங்கலாம். ஆக, அந்த ஆண்டு பனி கரையை ஒட்டி நின்றதா, விலகிப் போனதா என்பதே மாதச் சராசரியைப் புரட்டிப்போடும்.

இவ்வளவு ஆட்டத்துக்கு நடுவே நீண்டகாலப் போக்கைப் பிரித்தெடுக்க வேண்டும். 1898 வரை நீட்டப்பட்ட ஸ்வால்பார்ட் பதிவில் 1920, 30-களிலேயே வேகமான வெப்பமேற்றம் தெரிகிறது. 1960-களில் திரும்பக் குளிர்கிறது. அறுபதுகளிலிருந்து மட்டும் பார்ப்பவருக்கு இந்த முதல் ஏற்றம் கண்ணில் படவே படாது. அதற்காக இப்போதைய ஏற்றத்தையும் இயற்கையின் ஊசலாட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது: 1979-க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது.

அப்புறம், கருவிகளின் தொல்லை. தானியங்கி நிலையங்களைப் பனி மெல்ல மெல்லப் புதைக்கும். உணரி தரையை நெருங்க நெருங்க அந்தக் குளிர் அடுக்குக்குள் போய்விடுகிறது. காற்றில்லாத கோடை நாளில் பனியில் பட்டுத் திரும்பும் வெயில் அதைச் சூடாக்கி, உள்ளதைவிட அதிகமாகக் காட்டவைக்கிறது. மேற்கு அண்டார்க்டிகாவின் பேர்ட் நிலையத்தில் ஆண்டுக்கணக்கில் இடைவெளிகள் வேறு. அளவுப்பிழைகளைத் திருத்தி, விடுபட்ட மாதங்களைக் கணக்கிட்டு நிரப்பிய பிறகுதான் 1958 முதல் 2010 வரை அங்கே சுமார் 2.4 டிகிரி ஏறியிருப்பது தெரிந்தது.