த்ரெட் டம்ப் எடுத்தால் சர்வர் செத்துவிடுமா?

"சர்வர் தொங்கினால் 'கில் -3' கொடுத்து த்ரெட் டம்ப் எடு என்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா அப்ளிகேஷன் அதோடு செத்துவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான பயம்தான். அந்தக் கட்டளை அனுப்பும் 3-ஆம் எண் சிக்னல் வந்தால் சாதாரண புரோகிராம்கள் முடிந்துபோகும். ஜாவா புரோகிராமை ஓட்டும் ஜேவிஎம் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு த்ரெட்டும் (புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் நடக்கும் தனித்தனி வேலைகளில் ஒன்று) எந்த மெத்தடில் எந்த வரியில் நிற்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடரும். இந்தப் பட்டியல்தான் த்ரெட் டம்ப். ஜாவாவோடு வரும் ஜேஸ்டாக் கருவி தருவதும் இதே பட்டியல்தான்.

சரி, ஓடும் த்ரெட்டின் ஸ்டாக்கை, அதாவது எந்த மெத்தட் எதை அழைத்தது என்ற அடுக்கை, எப்படிப் படிப்பது? படிக்கும்போதே அது மாறிவிடுமே! கண்ட இடத்தில் நிறுத்தவும் முடியாது. பிராசஸருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களான ரிஜிஸ்டர்களில் எதில் எது இருக்கிறது என்ற குறிப்பு சில இடங்களுக்கு மட்டுமே ஜேவிஎம்மிடம் உண்டு. அந்த இடங்களுக்கு சேஃப்பாயின்ட் என்று பெயர்.

அங்கே த்ரெட்டை வரவழைத்து நிறுத்தும் விதம்தான் என்னை மயக்குகிறது. லூப் திரும்பும் இடங்களில், ஓடும்போதே ஜாவாவை மெஷின் கோடாக மாற்றும் ஜிட் கம்பைலர் ஒரு சின்ன கட்டளையை நட்டு வைக்கிறது: ஒரு குறிப்பிட்ட மெமரி பக்கத்தைப் படி, படித்ததைத் தூக்கிப் போடு. 'நிற்கவா?' என்ற கேள்வியே இல்லை. அதனால் செலவும் இல்லாத மாதிரிதான். நிறுத்த வேண்டுமென்றால் ஜேவிஎம் அந்தப் பக்கத்தைப் படிக்க முடியாதபடி பூட்டிவிடும். அடுத்த முறை படிக்கப் போகும் த்ரெட் பிராசஸரிடமே மாட்டிக்கொள்ளும். தொடக்கூடாத மெமரியைத் தொட்டால் சி புரோகிராம்களைக் கொல்லும் அதே செக்மென்டேஷன் ஃபால்ட்! ஜேவிஎம் முகவரியைப் பார்த்து, "இது நான் பூட்டிய பக்கம்" என்று தெரிந்துகொண்டு, த்ரெட்டைப் பத்திரமாக நிறுத்தி வைக்கும். 2018-இல் வந்த ஜாவா 10-இலிருந்து த்ரெட்டுகளைத் தனித்தனியாகவும் இப்படி நிறுத்தலாம். ஜாவாவின் திறந்த மூலப் பதிப்பான ஓப்பன்ஜேடிகே மூல நிரலில் இதையெல்லாம் யாரும் படித்துப் பார்க்கலாம். நம் கல்லூரிகளில் இதைப் பாடமாகவே வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

தொங்கியதும் ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாகும் என்பது ஐ.டி. உலகின் மூடநம்பிக்கை. தடயம் அதோடு அழிந்துபோகும். சில நொடி இடைவெளியில் மூன்று நான்கு டம்ப் எடுத்துவிட்டு அப்புறம் ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒரே த்ரெட் எல்லாவற்றிலும் ஒரே வரியில் நின்றால் முதலில் அதைச் சந்தேகப்படுங்கள். இரண்டு த்ரெட்டுகள் ஒன்றின் லாக்குக்காக (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே வைத்திருக்கக்கூடிய பூட்டு) மற்றொன்று காத்துக் கிடந்தால், டெட்லாக் என்று ஜேவிஎம்மே டம்பின் கடைசியில் எழுதிவிடும்.

டம்பில் ஒரு த்ரெட்டின் நிலை 'ரன்னபிள்', அதாவது ஓடுகிறது, என்று இருந்தாலும் நம்பிவிடாதீர்கள். டேட்டாபேஸின் பதிலுக்காக சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பில்) காத்திருக்கும் த்ரெட்டும் அப்படித்தான் காட்டும். அது ஜாவாவுக்கு வெளியே உள்ள நேட்டிவ் கோடுக்குள் இருப்பதால், உள்ளே ஓடுகிறதா தூங்குகிறதா என்று ஜேவிஎம்முக்குத் தெரியாது.