அரசு தேடி வருமா, நாம் தேடிப் போகணுமா?

ஏழைகளுக்கு எந்த நாடு நன்றாகச் செய்கிறது என்று பேச்சு வந்தால் தொகையைத்தான் முதலில் ஒப்பிடுகிறோம். வெளிநாட்டுத் தொகையை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஆனால் அங்கே வாடகையும் ரொட்டியும் அந்த ஊர் விலையில்தானே? நம் வடசென்னையில், காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் இருப்பவருக்கு இதைவிடப் பயன்படும் கேள்வி ஒன்று உண்டு. அந்த உதவியை வாங்க, தான் ஏழை என்று யாரிடம், எத்தனை காகிதம் வைத்து, எத்தனை தடவை காட்ட வேண்டியிருக்கிறது? ஒரு நாட்டின் நலத்திட்டத்தை நான் இதை வைத்துத்தான் எடை போடுவேன்.

ஸ்வீடனில் 1948 முதல் குழந்தை உதவித்தொகை இருக்கிறது. 2018 முதல் ஒரு குழந்தைக்கு மாதம் 1,250 குரோனா. பணக்கார வீட்டுக் குழந்தைக்கும் அதே தொகைதான். குழந்தை பிறந்த தகவல் அரசுப் பதிவேட்டில் ஏறியதும் பணம் தானாக வரத் தொடங்கிவிடும். வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை. எல்லோருக்கும் தருவது வீண் செலவு என்று சிலர் சொல்வார்கள். எல்லோருக்கும் என்று சட்டம் சொல்லிவிட்டால் யாரையும் வடிகட்ட வேண்டியதில்லை, அதனால் ஏழையும் விட்டுப்போவதில்லை. பணக்காரரிடம் போன தொகையை வரியில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

பிரிட்டன் வேறு வழியில் போனது. 2012-ல் சட்டம் போட்டு, ஆறு விதமான உதவிகளை யுனிவர்சல் கிரெடிட் என்ற ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஒரே விண்ணப்பம் என்பது நல்ல யோசனைதான். ஆனால் விண்ணப்பித்தவருக்கு முதல் பணம் வர சுமார் ஐந்து வாரம் ஆகும். கையில் சேமிப்பே இல்லாதவர் அந்த ஐந்து வாரத்தை எப்படித் தள்ளுவார்? முன்பணம் கேட்கலாம், ஆனால் அது கடன், பின்னால் வரும் தொகையில் பிடித்துக்கொள்வார்கள்.

அமெரிக்காவில் 2021-ல் நடந்தது இன்னும் தெளிவான பாடம். குழந்தைகளுக்கான வரிச்சலுகையை அந்த ஒரு வருஷம் மட்டும் விரிவாக்கினார்கள். 6 வயதுக்குள் இருந்தால் வருஷத்துக்கு 3,600 டாலர், அதற்கு மேல் 17 வயது வரை 3,000 டாலர். வேலையே இல்லாத பெற்றோருக்கும் முழுத் தொகை, பணமாகவே. அரசு உதவிகளையும் சேர்த்துக் கணக்கிடும் அளவுகோலில் குழந்தை வறுமை 5.2 சதவீதமாக இறங்கியது. திட்டம் நின்றது. அடுத்த வருஷமே 12.4 சதவீதம். பணம் கொடுத்தால் வறுமை குறையாது என்று வாதிடுபவர்கள் இந்த இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும்.

நம் நிலைமைக்குக் கிட்டத்தில் வருவது பிரேசில். அங்கே போல்சா ஃபமிலியா திட்டம் 2003-ல் தொடங்கியது. 2023-ல் மறுபடி அமைத்தபோது குடும்பத்துக்குக் குறைந்தது 600 ரெயால் என்றும், 6 வயது வரையுள்ள குழந்தை ஒவ்வொன்றுக்கும் கூடுதலாக 150 என்றும் வைத்தார்கள். பணம் பெரும்பாலும் தாயின் பெயரில்தான் வரும். பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசி போட வேண்டும் என்பவை நிபந்தனைகள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இரண்டு. ஒன்று, எல்லா நலத்திட்டத்துக்கும் பொதுவான ஒரே குடும்பப் பதிவேடு. இரண்டாவது, 2011-ல் கொண்டுவந்த தேடிப் பதியும் முறை. தகுதி இருந்தும் பெயர் பதியாத குடும்பங்களைத் தேடி ஊழியர்களே போக வேண்டும் என்று அதை அரசின் வேலையாகவே ஆக்கினார்கள்.

சரி, நம் பக்கம் வருவோம். ஒரே ஊருக்குள் ஸ்வீடன் வழியும் இருக்கிறது, பிரிட்டன் வழியும் இருக்கிறது.

ரேஷன் அரிசி முதல் வகை. 2013-ல் வந்த தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நகரத்து மக்களில் பாதிப் பேர் வரைதான் என்று வரம்பு வைத்தது. தமிழ்நாடு அந்தச் சட்டத்தில் 2016-ல் சேர்ந்தபோதும், முன்னுரிமை பெறாத அரிசி கார்டுக்கும் அரிசி தருவதை நிறுத்தவில்லை. அதனால்தான் கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டுக்கு அரிசி வருகிறதா என்பதற்கு வறுமைக்கோட்டுப் பட்டியலைத் தேட வேண்டியதில்லை. பள்ளிச் சாப்பாடும் அப்படித்தான். 1920-ல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கியபோது தலைவராக இருந்தவர், வண்ணாரப்பேட்டையில் வாழ்ந்த பிட்டி தியாகராயர். பிள்ளை வரிசையில் உட்கார்ந்தால் சாப்பாடு, அவ்வளவுதான்.

முதியோர் பென்ஷன் இரண்டாவது வகை. ஜனங்கள் ஓஏபி பணம் என்பார்கள். தமிழ்நாட்டில் இது 1962-லேயே வந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 60 முதல் 79 வயது வரை வெறும் 200 ரூபாய், 80-க்கு மேல் 500. மற்றதை மாநிலம் போடுகிறது. தொகை சிறியது என்பது ஒரு குறை. அதைவிடப் பெரிய குறை, ஆதரவற்றவர் என்று நிரூபிக்கச் சொல்வது. மகன் இருக்கிறார், அதனால் பென்ஷன் இல்லை என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன பாட்டிகள் நம் தெருக்களில் உண்டு. அந்த மகன் மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாமல் கரையில் உட்கார்ந்திருப்பவராக இருக்கலாம். காகிதத்தில் அது தெரியாது.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை இந்த இரண்டுக்கும் நடுவில். 2023 செப்டம்பர் 15-ல் தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய். அப்போது வைத்த விதிகளில் 21 வயது, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் வருஷத்துக்கு 3,600 யூனிட்டுக்குள், கார் இல்லை என்பவை முக்கியம். இதில் மின்சார விதி வாடகை வீட்டுக்காரரைச் சிக்கவைக்கக் கூடியது. ஒரே மீட்டரில் மூன்று குடித்தனம் ஓடும் வீடுகள் நம் பக்கம் எத்தனை! மனு தள்ளுபடியானால் இ-சேவை மையம் வழியாக 30 நாளுக்குள் வருவாய் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்று அப்போதே வழி வைத்தார்கள். அந்த வழியை எடுக்காமல், பெயர் வரவில்லை என்று பேசாமல் இருந்துவிட்டவர்கள் நிறையப் பேர்.

தேடிப் போகும் வழி நமக்கும் தெரியாததல்ல. 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டிலேயே மாத்திரை தந்தது. 2025 ஆகஸ்ட் 12-ல் தண்டையார்பேட்டையில் தாயுமானவர் திட்டத்தைத் தொடங்கினார்கள். தொடங்கியபோது வைத்த விதிப்படி, 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டு வாசலுக்கே கொண்டுவரும் திட்டம். காலமெல்லாம் மீன் வெட்டி, மூட்டை தூக்கி ரேகை தேய்ந்த விரலை ரேஷன் கடை மிஷினில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்ப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அரிசி வீடு தேடி வர முடிந்தால் பென்ஷன் விசாரணையும் வர முடியும். 60 வயது ஆனவர் யார் என்பது ரேஷன் கார்டு விவரத்திலேயே இருக்கிறது. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஊழியர் தெருவுக்கு வந்தால், விடுபட்டவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அதுவரை நாம்தான் போக வேண்டும். போகும்போது மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். பென்ஷன் மனு சமூகப் பாதுகாப்புத் திட்ட வட்டாட்சியரிடம் போகும். இல்லை என்றால் ஏன் என்று எழுத்தில் கேளுங்கள், வாய்வார்த்தையை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது. பதிலே வரவில்லை என்றால் முதல்வரின் முகவரி உதவி எண் 1100-ல் புகார் பதியலாம், ரேஷன் குறைகளுக்கு 1967. அப்புறம், கால்வாய்க் கரையிலிருந்து பெரும்பாக்கம், கண்ணகி நகர் என்று இடம் மாற்றப்பட்ட குடும்பங்கள் முதலில் ரேஷன் கார்டு முகவரியை மாற்றிவிடுங்கள், அடுத்து ஆதார், அதன்பின் வங்கிக் கணக்கு. பழைய முகவரியிலேயே கார்டு இருந்தால் விசாரணைக்கு வருபவர் இல்லாத வீட்டைத்தான் தேடிப் போவார், ஆள் இல்லை என்று எழுதிவிட்டால் வந்துகொண்டிருந்த பணமும் நின்றுவிடும்.