தீயை வளைப்பது வேறு, அணைப்பது வேறு

கனடாவிலோ கலிபோர்னியாவிலோ காடு பற்றி எரிந்தால் போதும், "காட்டுத்தீ 30 சதவீதம் அணைக்கப்பட்டது" என்று நம் தொலைக்காட்சிகளின் அடிவரியில் ஓட ஆரம்பித்துவிடுகிறது. மறுநாள் பத்திரிகையிலும் அதே வரிதான். ஒவ்வொரு கோடையிலும் இதைப் படித்துப் படித்துச் சலித்துவிட்டது. மூலச் செய்தியில் யாரும் அணைந்தது என்று சொல்வதில்லை. அங்கே இருக்கும் சொல் கன்டெயின்மென்ட்.

லத்தீனில் 'கோன்' என்றால் சேர்த்து, 'தெனேரே' என்றால் பிடித்தல். வெளியே போகவிடாமல் பிடித்து வைத்திருப்பது என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். பாத்திரம் தண்ணீரைக் கொண்டிருப்பதற்கும் இதே வினைதான். அதனால்தான் கணினி மொழிபெயர்ப்பை அப்படியே எடுத்து ஒட்டுகிறவர்கள் "தீ 30 சதவீதம் கொண்டுள்ளது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தக் கொடுமையை விட்டுவிடுவோம். படிக்கிறவருக்கு ஒன்றும் புரியாது, அதனால் பெரிய கேடும் இல்லை. 'அணைக்கப்பட்டது' என்பதோ புரிகிறது, தப்பாகப் புரிகிறது.

தீயைச் சுற்றிலும் புல், புதர், சருகு, வேர் எல்லாவற்றையும் வெட்டி, வெறும் மண் தெரியும் வரை சுரண்டி ஒரு பட்டை எடுப்பார்கள். ஆறு, சாலை, பாறை இருந்தால் அதையும் அந்தப் பட்டையோடு சேர்த்துக்கொள்வார்கள். இனி இதைத் தீ தாண்டாது என்று நம்பத்தக்க எல்லை சுற்றளவில் எவ்வளவு தூரத்துக்கு அமைந்திருக்கிறது என்பதுதான் அந்தச் சதவீதக் கணக்கு. தீயின் விளிம்பு 100 கிலோமீட்டர், எல்லை அமைந்தது 30 கிலோமீட்டர் என்றால் 30 சதவீதம். உள்ளே காடு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டே இருக்கலாம். காற்று திரும்பி விளிம்பு நீண்டால் நேற்றைய 40 இன்று 30 ஆகவும் இறங்கும். அணைத்த தீ எப்படி அணையாத தீயாக மாறும் என்று தமிழில் படிக்கிறவர் கேட்டால் என்ன பதில் சொல்வது?

வடக்குக் காடுகளில் இந்த வேறுபாடு மாதக் கணக்கில் நீளும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் ஃபோர்ட் மெக்மரி நகரை ஒட்டி 2016 மே 1 அன்று பிடித்த தீயை எடுத்துக்கொள்ளுங்கள். மே 3 அன்று ஏறக்குறைய 88,000 பேர் ஊரைக் காலி செய்தார்கள். சுமார் 2,400 கட்டடங்கள் போயின. அதபாஸ்கா ஆற்றையே தாண்டி, 5 லட்சத்து 89 ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் எரித்தது. ஜூன் 1 முதல் மக்கள் படிப்படியாக வீடு திரும்பினார்கள். தீ கட்டுக்குள் வந்ததாக அறிவித்தது ஜூலை 5 அன்று. அணைந்தது என்று அறிவித்தது 2017 ஆகஸ்ட் 2 அன்றுதான்! கட்டுக்குள் வந்ததற்கும் அணைந்ததற்கும் நடுவில் ஒரு முழுப் பனிக்காலம் போயிருக்கிறது. அந்தக் காடுகளில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களின் அடியில் மக்கியும் மக்காமலும் பாசியும் இலையும் ஆழமாகப் படிந்து கிடக்கும். மேலே பனி மூடியிருக்க, அடியில் கங்கு புகைந்துகொண்டே இருக்கும். இப்படிப்பட்ட தீக்குத் தமிழில் ஒரே வினை போதும் என்பது சோம்பல்.

எனக்கு அடிக்கடி வரும் மறுப்பு இது: "அணை என்றால் தடுப்பதும்தானே? மேட்டூர் அணை தண்ணீரைத் தடுத்து நிறுத்தவில்லையா? அப்படியானால் தீ அணைக்கப்பட்டது என்றாலும் தடுக்கப்பட்டது என்றுதானே பொருள்?" சேலம் மாவட்டத்துக்காரனிடம் மேட்டூரைக் காட்டினால் வாய் அடைத்துப்போவான் என்று நினைக்கிறார்கள் போல. 1934இல் கட்டி முடித்த அந்த அணை நிற்கட்டும். அணை என்ற வேருக்குத் தடுத்தல், தழுவுதல், அவித்தல் எல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சொல்லின் பொருளை முடிவு செய்வது பக்கத்தில் நிற்கும் சொல். குழந்தையை அணைத்தாள் என்றால் ஒரு பொருள், விளக்கை அணைத்தாள் என்றால் வேறு பொருள். விளக்கு, அடுப்பு, தீ இவற்றோடு சேர்ந்தால் அணைத்தலுக்கு அவித்தல் என்ற ஒரே பொருள்தான். அகராதியில் நான்கு பொருள் இருக்கிறது என்பதற்காக வேண்டியதை எடுத்து ஒட்ட முடியாது.

இன்னொரு சாரார் 'கட்டுப்பாடு' என்கிறார்கள். இது கொஞ்சம் மேல். ஆனாலும் ஏற்க முடியவில்லை. கட்டுக்குள் வருவது அடுத்த படி. எல்லை போட்டு முடித்து, உள் விளிம்பில் எரியக் காத்திருப்பதை எரித்துத் தீர்த்து, எல்லையோரக் கங்குகளைக் குளிரவைத்த பிறகுதான் தீ கட்டுக்குள் வந்தது என்பார்கள். கனடாவில் 'பிடித்து நிறுத்தப்பட்டுள்ளது' என்பது ஒரு நிலை, 'கட்டுக்குள் உள்ளது' என்பது அதற்கு அடுத்த நிலை, 'அணைந்தது' கடைசி. இரண்டு படிக்கும் கட்டுப்பாடு என்றே எழுதினால் அடுத்த வாரச் செய்திக்குச் சொல் கிடைக்காது. 2020இல் கொரோனா பரவியபோது இதே ஆங்கிலச் சொல்லைக் 'கட்டுப்படுத்தப்பட்ட பகுதி' என்று எழுதிவிட்டு, என்னமோ நோயே அங்கே கட்டுப்பட்டுவிட்டது போலத் தோன்ற வைத்தார்கள். நடந்தது என்ன? தெருவின் இரு முனையிலும் தகரம் அடித்தார்கள். நோய் உள்ளேதான் இருந்தது, வெளியே போகும் வழியைத்தான் அடைத்தார்கள். தகரத்தைப் பார்த்த மக்களுக்கு இருந்த தெளிவு அந்தச் சொல்லில் இல்லை.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் 'தீயடக்கம்' என்று ஆக்கியிருக்கிறார்கள். வேர் சரி, முயற்சியையும் மதிக்கிறேன். ஆனால் அடக்கம் என்றதும் இன்றைய காதில் விழுவது நல்லடக்கம், அல்லது பணிவு. தீயைப் புதைத்தார்களா என்று கேட்கத் தோன்றும். 'முற்றுகை' பொருளில் மிகப் பொருத்தம், என்ன செய்வது, ஆட்சியர் அலுவலக முற்றுகை என்று எழுதி எழுதி அதைப் போராட்டக்காரர்களுக்கே கொடுத்துவிட்டோம்.

பொருத்தம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இந்த இரண்டு படி வேறுபாடு தமிழுக்குப் புதிது இல்லை. தொல்காப்பியம் கோட்டைப் போரைப் பற்றிய உழிஞைத் திணையைச் சொல்லும்போது அரணை "முற்றலும் கோடலும்" என்று பிரித்தே வைத்திருக்கிறது. சுற்றி வளைப்பது ஒன்று, உள்ளே புகுந்து கைப்பற்றுவது மற்றொன்று. கோட்டையை வளைத்ததும் கோட்டை விழுந்தது என்று எந்தப் புலவனும் பாடமாட்டான்.

ஆகவே என் தேர்வு 'வளைப்பு'. தீவளைப்பு, தீ வளைக்கப்பட்டது, சுற்றளவில் 30 சதவீதம் வளைத்தாயிற்று. பேச்சில் 'மடக்குதல்' இன்னும் இயல்பு. மேய்ச்சலில் மாட்டை மடக்கு என்று சொல்கிற ஊர் இது, தீயை மடக்கியாச்சு என்றால் ஏற்காடு அடிவாரத்தில் யாருக்கும் உரை தேவைப்படாது. எழுத்தில் மட்டும், துணி மடிப்பதோடு குழம்பும் என்பதால் வளைப்பை முன்னே வைக்கிறேன்.

மாசி, பங்குனியில் சேர்வராயன் மலையின் கீழ்ச்சரிவு காய்ந்து வெளுத்துவிடும். இரவில் கோரிமேட்டு மொட்டைமாடியில் நின்றால் சில நாள் சரிவில் சிவப்புச் சரடு ஒன்று நெளிந்து ஏறுவது தெரியும். அங்கே வனக்காவலர்களும் ஊர் இளைஞர்களும் பச்சைத் தழையை ஒடித்து விளிம்பை அடிக்கிறார்கள், சருகை வாரி ஒதுக்கி மண்ணைக் காட்டுகிறார்கள். அந்தச் சரிவில் தண்ணீர் வண்டி ஏறாது. கோடைக்கு முன்பே வனத்துறை செதுக்கி வைக்கும் பட்டைக்குத் தீத்தடுப்புக் கோடு என்று பெயர். நல்ல பெயர், அப்படியே வைத்துக்கொள்ளலாம். வரும் தீக்கு எதிரே நாமே வைப்பது எதிர்த்தீ. இத்தனை சொல் கையில் இருந்தும், எந்த ஊர்க் காட்டுத்தீயானாலும் "வீரர்கள் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துத் தீயை அணைக்கும் பணியில் ஈடுபட்டு வருகின்றனர்" என்ற ஒரே அச்சில் வார்க்கிறார்கள். மண்வெட்டியும் கோடரியும் பிடித்த ஆளைப் படத்தில் காட்டிக்கொண்டே குரல் தண்ணீர் என்கிறது.

கடைசிப் படியைக் கெடுப்பது இன்னும் வருத்தம். தீ ஓய்ந்த பின் மிச்சம் பார்க்கும் வேலைக்கு ஆங்கிலத்தில் 'மாப் அப்' என்று தரை துடைக்கும் சொல்லைப் போட்டிருக்கிறார்கள். நம்மவர்கள் அதைத் 'துடைத்தெடுக்கும் பணி' என்கிறார்கள். அங்கே யாரும் எதையும் துடைப்பதில்லை. குனிந்து நடந்து, சாம்பலுக்கு மேலே புறங்கையைக் காட்டிச் சூடு பார்க்கிறார்கள். சூடு பட்டால் கிளறி, தண்ணீரோ மண்ணோ கலந்து மறுபடி தொட்டுப் பார்க்கிறார்கள். கங்கு தேடுதல் என்று எழுதுங்கள். கங்கு என்றால் சேலத்தில் அடுப்பு ஊதிய ஒவ்வொருவருக்கும் தெரியும்.