ஆடியோபுக் என்கிற ஒலிநூல்

ஒரு நூலின் முழு வாசகத்தையும் ஒருவரோ பலரோ வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்தால் கிடைப்பது ஆடியோபுக். தமிழில் ஒலிநூல். வடசென்னையின் அன்றாடப் பேச்சில் இந்த இரண்டு சொல்லுமே அதிகம் புழங்குவதில்லை. ‘ஆடியோல கேட்டேன்’, ‘காதுல மாட்டிக்கினு போனேன்’ என்பதுதான் வழக்கம். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் ட்ரெய்லர் ஓட்டுநர், கும்மிடிப்பூண்டி ரயிலில் நின்றபடி வேலைக்குப் போகிறவர், விம்கோ நகரில் மெட்ரோ ஏறுகிறவர், தையல் மெஷினிலிருந்து கண்ணை எடுக்க முடியாத அக்கா என்று எத்தனையோ பேருக்குக் கையும் கண்ணும் வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும். காது மட்டும்தான் ஓய்வாக இருக்கும். அந்தக் காதுக்குள் இன்று கம்பரும் வருகிறார், பிளேட்டோவும் வருகிறார்.

ஆனால் கேட்டு முடித்த நூலைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ‘நீ படிச்சியாணா, கேட்டியா?’ என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கேட்டது என்றால் ஒரு படி இறக்கம் என்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. தமிழில் இந்த எண்ணத்துக்கு இடமே இல்லை என்பதுதான் என் கட்சி. ஒலிநூல் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

முதலில் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஆடியோ லத்தீன் வினைச்சொல். அந்த மொழியில் அதற்கு ‘நான் கேட்கிறேன்’ என்று பொருள். 1877-ல் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அந்தக் கருவியின் பயன்களைப் பட்டியலிட்டு எழுதியபோது, பார்வையற்றோருக்கான ஒலிவடிவ நூல்களையும் அதில் சேர்த்தார். அது நடைமுறைக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1930-களில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பார்வையற்றோருக்காக இசைத்தட்டுகளில் முழு நூல்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 15 முதல் 25 நிமிட வாசிப்புதான் அடங்கும். ஒரு நாவலுக்கு ஒரு பெட்டி நிறையத் தட்டுகள் வேண்டும். அன்று அதன் பெயர் ‘டாக்கிங் புக்’, அதாவது பேசும் புத்தகம். ஆடியோபுக் என்ற பெயர் கேசட் காலத்தில்தான் பரவியது. 2005-ல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ் போன்ற தன்னார்வ முயற்சிகள், பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய இலக்கியத்தையும் தத்துவத்தையும் காசில்லாமல் கேட்க வழி செய்தன.

தமிழில் இதற்கு ஒலிநூல், ஒலிப்புத்தகம், பேசும் புத்தகம் என்று சில பெயர்கள் உலவுகின்றன. செவிநூல் என்றும் சொல்லிப் பார்க்கலாம், காதுக்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் அது காது மருத்துவம் பற்றிய நூலோ என்ற ஐயம் வரும். பேசும் புத்தகம் பார்வையற்றோருக்கான பதிவுகளோடு நெருங்கிப் பழகிய பெயர், அதை அங்கேயே விட்டுவைக்கலாம். கேட்பொலி என்பது ஆடியோ என்ற பொதுப்பொருளுக்கு ஆகிவந்த சொல். ஆக, போட்டி ஒலிப்புத்தகத்துக்கும் ஒலிநூலுக்கும்தான்.

புத்தகம் ‘புஸ்தக’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் அட்டை போட்ட, கையில் பிடிக்கும் பொருள்தான் நினைவுக்கு வருகிறது. சுவடியும் ஏடும் அப்படியே, எழுதப்பட்ட பொருளைக் குறிப்பவை. நூல் அப்படிப்பட்ட சொல் இல்லை. தொல்காப்பியத்தில் நூல் என்பது ஒழுங்குபட்ட உரையாக்கம். எதில் எழுதினார்கள் என்பதைப் பற்றி அந்தச் சொல் கவலைப்படுவதில்லை. 13-ஆம் நூற்றாண்டின் நன்னூல் இந்தப் பெயருக்கு இரண்டு காரணம் சொல்கிறது. ஒன்று நூற்பது: சொல் பஞ்சு, செய்யுள் இழை, புலவரே நூற்கும் பெண், வாய் அவர் கை, அறிவு நூற்கும் கதிர். கை எழுதுவதாக இல்லை, வாய்தான் நூற்கிறது என்பதைக் கவனியுங்கள். இன்னொன்று தச்சர் பிடிக்கும் நூல். மரத்தின் கோணலை அந்த நூல் காட்டி நேராக்குவதுபோல் ‘மனக்கோட்டம் தீர்க்கும்’ என்கிறது நன்னூல். இந்த இரண்டு காரணத்திலும் ஓலைக்கோ தாளுக்கோ வேலை இல்லை. அதனால்தான் ஒலி என்ற சொல் நூலோடு முரண்படாமல் ஒட்டிக்கொள்கிறது.

அடுத்தது கேட்பது. திருக்குறளில் கல்வி 40-ஆம் அதிகாரம், கல்லாமை 41, கேள்வி 42. இந்தக் கேள்வி இன்றைய வினா இல்லை. ‘கேட்கப்படும் நூற்பொருள்களைக் கற்றறிந்தார் கூறக் கேட்டல்’ என்று பரிமேலழகர் விளக்கம் தருகிறார். ‘செல்வத்துட் செல்வஞ் செவிச்செல்வம்’ என்று தொடங்கும் அந்த அதிகாரம், ‘கற்றில னாயினுங் கேட்க’ என்று படிக்க வாய்க்காதவரையும் கூப்பிடுகிறது. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள் நிறைந்த பகுதி வடசென்னை. அவர்களுக்கு இதைவிட நல்ல அழைப்பு எனக்குத் தெரியவில்லை. சைவ சித்தாந்தமும் ஞானத்தின் படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை (அதிலேயே நிலைத்து நிற்பது) என்று வரிசைப்படுத்துகிறது. முதல் படியே கேட்டல்தான். கிரேக்கத்திலும் இதே பழக்கம் இருந்திருக்கிறது. அனக்ஸகோரஸ் என்ற தத்துவ அறிஞரின் நூலிலிருந்து யாரோ ஒருவர் படிக்கத் தாம் கேட்டதாக சாக்ரடீஸ் சொல்வதை பிளேட்டோ எழுதி வைத்திருக்கிறார். தத்துவத்தைக் காதில் வாங்குவது செல்போன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைக்க வேண்டியதில்லை.

வடசென்னைக்கே இதில் பழைய வரலாறு உண்டு. ஏழுகிணறில் வளர்ந்த வள்ளலார், இளம் வயதில் தம் அண்ணனுக்குப் பதிலாகப் போய்ப் பெரியபுராணச் சொற்பொழிவு செய்து கேட்டவர்களை அசத்தினார் என்று அவர் வரலாறு சொல்கிறது. ஏட்டிலிருந்து ஒருவர் பாட்டைப் படிக்க, இன்னொருவர் பொருள் சொல்ல, வீட்டுக்கூடத்தில் ஊரே உட்கார்ந்து கேட்ட காலம் அது. பிறகு பெரம்பூர். பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) மில் தொழிலாளர்கள் சொற்பொழிவு கேட்கக் கூடிய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையை நடத்தியவர்கள்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாகவும் காரணமாக இருந்தார்கள். சங்கம் பிறந்தது 1918 ஏப்ரல் 27-ல். பகலில் நூல் நூற்றவர்கள் மாலையில் நூல் கேட்டார்கள், கேட்ட இடத்திலிருந்தே சங்கம் கட்டினார்கள். பின்னாளில் தெருமுனைப் படிப்பகங்களிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிக்க, மற்றவர்கள் பீடி சுற்றிக்கொண்டோ டீ குடித்துக்கொண்டோ கேட்டார்கள். இவர்களில் யாரையும் ‘படிக்கவில்லை, கேட்டார்கள்’ என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது.

கேள் என்ற வேர்ச்சொல்லில் இன்னொரு பொருளும் இருக்கிறதே. செவியில் வாங்குவதும் கேட்டல், எதிர்த்து வினவுவதும் கேட்டல். பதிவிலிருந்து வரும் குரலிடம் சந்தேகம் கேட்க முடியாது. ஒலிநூலின் உண்மையான குறை இதுதான், கண்ணால் படிக்காதது அல்ல. அச்சுநூலுக்கும் இதே குறை உண்டு என்றாலும், அங்கே சட்டென்று நின்று, பின்னால் போய், ஓரத்தில் கோடு போட முடியும். குரலோ ஓடிக்கொண்டே இருக்கும். தத்துவ நூல் என்றால் இரண்டு நிமிடம் கவனம் சிதறினாலும் வாதத்தின் கண்ணி அறுந்துவிடும். நன்னூல் மாணவருக்குச் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது. ‘செவி வாயாக, நெஞ்சு களனாக’க் கேள், அதாவது செவியால் வாங்கி நெஞ்சில் நிறைத்துக்கொள் என்கிறது. இரண்டாம் முறை கேட்டால் பெரும்பாலும் பிழை இருக்காது, மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து எடுத்துச் சொல்லலாம் என்கிறது. கேட்டவற்றை நினைத்துப் பார்ப்பதையும், ஒத்தவர்களோடு சேர்ந்து பயில்வதையும், வினாவுவதையும் மாணவரின் கடமைகளில் சேர்க்கிறது. நாவலை ஒருமுறை கேட்டால் போதும். குறளையோ பிளேட்டோவின் உரையாடலையோ ஒரே அத்தியாயமாக எடுத்து, போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை கேளுங்கள். அப்புறம் டீக்கடையில் ஒரு கூட்டாளியோடு அதைப் பற்றிப் பேசுங்கள்.

வினைச்சொல்லாக என்ன சொல்வது? ‘ஒலிநூல் படித்தேன்’ என்று மழுப்ப வேண்டாம். ‘நூல் கேட்டேன்’ என்று நெஞ்சு நிமிர்த்தியே சொல்லலாம், இலக்கணமும் உரையும் அந்தச் சொல்லைத்தான் ஆள்கின்றன. குரல் கொடுப்பவரை வாசிப்பவர் என்றாலே போதும்.

கடைசியாக, எது ஒலிநூல் இல்லை என்பதையும் பிரித்து வைப்பது நல்லது. யூடியூபில் ஆடியோபுக் என்ற தலைப்போடு வருபவற்றில் பல, 20 நிமிடத்தில் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகும் சுருக்கங்கள். அவை கதைச்சுருக்கம். பல நடிகர்களும் பின்னணி இசையுமாக உரையாடலாக மாற்றி அமைத்தது ஒலிநாடகம். ஒரு நூலைப் பற்றிப் பேசுவது வலையொலி (பாட்காஸ்ட்) அல்லது உரை. ஆசிரியரின் சொல் ஒன்றும் விடாமல் ஒலிப்பதற்கு மட்டும் ஒலிநூல் என்று பெயர் வைப்போம். சேர்த்தே எழுதுங்கள், பன்மை ஒலிநூல்கள். பல நூல்கள் ஒரே இடத்தில் கிடைத்தால் அது ஒலிநூலகம்.