வள்ளி வரும் முன்பே எழுந்து போகாதீர்கள்

போன பங்குனியில் மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. பாட்டும் வசனமுமாக விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகம். மதுரையிலிருந்து ஒருவர் ஆசையாக மச்சினனைக் கூட்டி வந்திருந்தார். பன்னிரண்டரை மணிக்கு மச்சினன் வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்போது மேடையில் பபூன் என்கிற கோமாளியும் டான்ஸும்தான். வள்ளி இன்னும் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார். அந்த சீசனில் நான் பார்த்த நாலாவது ஆள் அவர்.

இருபது வருடமாக நாடகத்துக்கு ஹார்மோனியம் வாசிக்கிறேன். எழுந்து போகிறவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்றும் சொல்லாமல் கூட்டி வந்து உட்கார வைக்கிறீர்களே, உங்கள்மேல்தான் வருத்தம்.

"பேசிக்கிட்டே இருக்காங்க, திடீர்னு ஏன்ணே பாடுறாங்க?" இதைக் கேட்காத புது ஆள் கிடையாது. திடீரென்று யாரும் பாடுவதில்லை. வசனத்தின் கடைசி வார்த்தையில் நடிகரின் குரல் கொஞ்சம் மேலே ஏறும். எனக்கு அதுதான் ஜாடை. அவர் வாய் திறப்பதற்குள் அவருடைய கட்டையில், அதாவது அவர் பாடும் குரல் அளவில், சுருதி போய் நிற்க வேண்டும். ஒரு தடவை அந்த ஏற்றத்தைக் காதால் பிடித்துவிட்டால், அப்புறம் பாட்டு வருவது உங்களுக்கே முன்கூட்டித் தெரியும். சரி, ஏன் பாட வேண்டும்? தினைப்புனத்தில் நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கத்தைப் பாருங்கள். அவர் பாட்டில் மடக்குவார். இவர் தாளம் தவறாமல், சுருதி விலகாமல், பாட்டிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் வசனத்தில் சமாளித்துவிடலாம், பாட்டில் தடுமாறினால் ஊரே கண்டுபிடித்துவிடும். கதையை நிறுத்திவிட்டு வருகிற பாட்டு இல்லை இது. சண்டையே பாட்டில்தான் நடக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிக் கூட்டி வாருங்கள். இவர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் இல்லை. ராஜபார்ட் என்கிற கதாநாயகன், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி, பபூன், பக்கவாத்தியம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பதால்தான் இதற்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஒத்திகை கிடையாது. அரிதாரம் பூசும்போதுதான் இன்றைக்கு யார் நாரதர் என்றே வள்ளிக்குத் தெரிந்த நாட்களும் உண்டு. 1922-இல் மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாடல்கள் இருவருக்கும் மனப்பாடம், அதை நம்பித்தான் மேடை ஏறுகிறார்கள். மீதியெல்லாம் அந்த நேரத்துச் சமயோசிதம். இது தெரிந்தவர் யாரும் தர்க்கத்தின் நடுவில் எழுந்து நான் பார்த்ததில்லை.

ராகம் தெரிய வேண்டுமா என்று கேட்காதீர்கள். முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் அப்பத்தாக்களில் பலருக்கு ராகத்தின் பெயர் தெரியாது. யார் ஜெயித்தது என்று சரியாகச் சொல்வார்கள்.

கூட்டி வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மதியம் தூங்க வையுங்கள். நாடகம் தொடங்கவே இரவு பத்து மணிக்கு மேல் ஆகும், முடிய விடிந்துவிடும். கதையை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். நாடகம் நடக்கும்போது காதில் விளக்கம் சொல்லாதீர்கள், பாட்டின் வார்த்தை போய்விடும். ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள், அங்கே வார்த்தையே புரியாது, இரைச்சல்தான். செல்போனில் இரண்டு நிமிடத் துண்டைக் காட்டி "இதான் நாடகம்" என்று தயவுசெய்து அறிமுகம் செய்யாதீர்கள். பபூன் பேச்சு பிடிக்கவில்லையா, பரவாயில்லை, வெளியே கூட்டிப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். தர்க்கத்துக்குள் திரும்பிவிடுங்கள். அது முடிந்ததும் முருகன் வேடனாக வருவார். அந்நேரம் பனி இறங்கும், ஒரு போர்வை கொண்டு வாருங்கள்.